எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்

(செங்கல்பட்டில் லாரி உரிமையாளர்கள், பட்டறைக்காரர்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய லாரியில் எஞ்சினை மாற்றினால் அதற்கு எந்த ரேடியேட்டரைப் போடுவது? இதுதான் இன்றைய பேச்சு. “இதற்கு ஒரு கூட்டமா? டேப்பை வைத்து அளந்து, இடத்துக்குப் பொருந்துவதை வாங்கி மாட்ட வேண்டியதுதானே” என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். அந்த நினைப்போடு வழக்காடத்தான் வந்திருக்கிறேன். எஞ்சின் மாற்றும் வேலையில் ரேடியேட்டரைக் கடைசியில் தேடுகிறோம். அதை முதலில் தேட வேண்டும். வெப்பம் எவ்வளவு வரும், எந்த வழியாக வெளியே போகும் என்று முடிவு கட்டிய பிறகே எந்த எஞ்சின் என்பதை முடிவு கட்ட வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் அப்படி, எப்படிச் செய்வது என்பதை இனி விளக்குகிறேன்.

“ரேடியேட்டர் இருக்கிறதே போதும்ணே, ஃபேனை மட்டும் பெருசா போட்டுக்கலாம்.” பட்டறைகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. இதைச் சொல்கிறவர்கள் விவரம் இல்லாமல் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நம் சாலைகளில் ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு என்று பெட்ரோல் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் 1932-ல் தொடங்கிய நிறுவனம், 1930களின் பிற்பகுதியில் பி6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. சிலிண்டரின் விட்டம் மூன்றரை அங்குலம், பிஸ்டன் ஓடும் நீளம் ஐந்து அங்குலம், மொத்தக் கொள்ளளவு சுமார் 4.7 லிட்டர், திறன் ஏறத்தாழ 80 குதிரை. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஏற்றுவதற்கு ஏற்ற எஞ்சின் அது. 1840-ல் வண்டி கட்டும் நிறுவனமாகச் சென்னையில் பிறந்த சிம்ப்சன், 1950களில் பெர்க்கின்ஸோடு சேர்ந்து டீசல் எஞ்சின்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. நம் பக்கத்து மெக்கானிக்குகளின் முதல் தலைமுறை எஞ்சின் மாற்றத்தைக் கற்றுக்கொண்டது இந்தப் பெட்ரோல்-டீசல் மாற்றத்தில்தான்.

அந்த மாற்றத்தில் கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. அந்தக் காலத்துப் பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். டீசல் எஞ்சின் மூன்றில் ஒரு பங்கை மாற்றும். 80 குதிரைத் திறன் என்பது சுமார் 60 கிலோவாட். அதைத் தரப் பெட்ரோல் எஞ்சினுக்கு 240 கிலோவாட் அளவுக்கு எரிபொருள் வேண்டும். டீசலுக்கு 180 போதும். எரிவது குறைந்தால் வீணாகும் வெப்பமும் குறையும். ஆகவே பெட்ரோலுக்கு வடிவமைத்த ரேடியேட்டர், அதே குதிரைத் திறனுள்ள டீசலைத் தாங்குவதற்குக் காரணம் இருந்தது. “இருக்கிறதே போதும்” என்ற தீர்ப்பு அந்த நிலைமைக்குச் சரி. நிலைமை மாறிவிட்டது, தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்று நாம் செய்யும் மாற்றம் வேறு வகை. டாடா லாரிகளின் பெயரையே பாருங்கள். முதல் இரண்டு எண் மொத்த எடை, எத்தனை டன் என்று. அடுத்த இரண்டு எண்ணைப் பத்தால் பெருக்கினால் குதிரைத் திறன், ஏறத்தாழ. 1210 என்றால் 12 டன், சுமார் 100 குதிரை. 1613 என்றால் 16 டன், சுமார் 130 குதிரை. பழைய 1210 சேசிஸ் இன்னும் உறுதியாக இருக்கிறது, எஞ்சின் தேய்ந்துவிட்டது, 1613-லிருந்து கழற்றிய, டர்போ வைத்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. “ஏற்றிவிடலாமா?” என்று கேட்பார்கள். ஏற்றலாம். ஆனால் இங்கே டீசலை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய டீசலைப் போடுகிறோம். திறன் முப்பது சதவீதம் கூடுகிறது. வெப்பமும் கூடத்தான் செய்யும்.

எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி இருக்கிறது. வீட்டு மின்கட்டண அட்டையில் வருகிற அதே யூனிட். 130 குதிரை எஞ்சின் முழு வேகத்தில் முழுப் பாரத்தை இழுத்தால் மணிக்கு 25 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். அதாவது 250 யூனிட். அதில் 97 யூனிட் சக்கரத்துக்கான வேலை. மீதியில் பெரும்பகுதி புகையோடு போகிறது. கொஞ்சம் எஞ்சினின் மேற்பரப்பிலிருந்து காற்றில் கலக்கிறது. தண்ணீர் வாங்கிக்கொள்வது ஏறத்தாழ 58 யூனிட். வேலையாகக் கிடைப்பதில் பத்துக்கு ஆறு பங்கு தண்ணீருக்குப் போகும் என்று வைத்துக்கொள்வது கனரக டீசலுக்கு நியாயமான மதிப்பீடு. 58 கிலோவாட் என்றால், 2 கிலோவாட் கெய்சர் 29-ஐ ஒரே நேரத்தில் போட்டுவிட்ட வெப்பம். இதே கணக்கில் 100 குதிரை எஞ்சினுக்கு 45 கிலோவாட்தான். பழைய ரேடியேட்டர் இந்த 45-க்குச் செய்தது. நாம் அதனிடம் 58 கேட்கிறோம்.

கல்பாக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1984-லும் 1986-லும் வணிக முறையில் ஓடத் தொடங்கிய இரண்டு அணு உலைகள் அங்கே கடலோரத்தில் நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம், கழிவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் கடல் வேண்டும் என்பது. உலையில் பிறக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரம் ஆகிறது. மீதியில் பெரும்பகுதியைக் கண்டென்சர் வழியாகக் கடல்நீர் கொண்டுபோகிறது. அங்கே உலைக்கு இடம் தேடியவர்கள் தண்ணீரையும் சேர்த்தே தேடினார்கள். நம் லாரிக்குக் கடல் கிடையாது. காற்றுதான் நமக்குக் கடல். அதையும் நாம்தான் இழுத்து உள்ளே விட வேண்டும்.

எவ்வளவு காற்று? 58 கிலோவாட்டைக் காற்று எடுத்துக்கொண்டு 25 டிகிரி சூடேறிப் போகிறது என்று வைத்தால், நொடிக்கு இரண்டேகால் கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். கோடைக்காற்றில் அது நொடிக்கு 2 கன மீட்டர். தண்ணீர் 7 டிகிரி குளிர்ந்து திரும்ப வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 120 லிட்டர் சுற்றி வர வேண்டும். இந்த மூன்று எண்ணையும் கையில் எழுதிக்கொள்ளுங்கள்: 58 கிலோவாட், 2 கன மீட்டர் காற்று, 120 லிட்டர் தண்ணீர். ரேடியேட்டர் வாங்குவது என்பது இந்த மூன்றுக்கும் வழி வாங்குவது.

இனி நம் ஊருக்கு வருவோம். ரேடியேட்டரின் பலம் அதற்குள் இல்லை. தண்ணீரின் வெப்பத்துக்கும் வெளிக்காற்றின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. தண்ணீர் 95 டிகிரி, காற்று 30 டிகிரி என்றால் வித்தியாசம் 65. அக்னி நட்சத்திரத்தில் செங்கல்பட்டில் வெயில் 40-ஐத் தாண்டும். வானிலை அறிக்கை சொல்வது நிழலின் வெப்பம். கொதிக்கும் தார்ச் சாலையில், பரனூர் சுங்கச்சாவடி வரிசையில், முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்புறத்தை முகர்ந்துகொண்டு நிற்கும் வண்டிக்கு அது 45 என்று வையுங்கள். வித்தியாசம் 50 ஆகிவிட்டது. அதாவது அதே ரேடியேட்டர், ஒரு திருகுகூட மாறாமல், கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பலம் இழந்துவிட்டது. குளிர்நாட்டு அட்டவணையில் “இத்தனை குதிரைக்குப் போதும்” என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால், அந்தக் குதிரையில் நாலில் ஒன்று நம் கத்திரி வெயிலில் படுத்துவிடும்.

மேட்டில் ஏறும் வண்டிக்குத்தான் சூடு வரும் என்று நினைக்காதீர்கள். ஈ.சி.ஆரிலும் ஓ.எம்.ஆரிலும் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற லாரிகளைப் பாருங்கள். பல பழைய வண்டிகள். முழுப் பாரம், முதல் இரண்டு கியர், நின்று நின்று போகும் சாலை. வேகம் இல்லாததால் எதிர்காற்று கிடையாது. 2 கன மீட்டரையும் ஃபேன் மட்டுமே இழுக்க வேண்டும். பிறகு தொட்டியைக் காலி செய்ய, நின்ற இடத்திலேயே எஞ்சினால் பம்பை ஓட்டுகிறார்கள். கடினமான சோதனைக்கு இவர்கள் ஏற்காட்டு மலைக்குப் போக வேண்டியதில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அந்த 30 கிலோமீட்டரில் ரேடியேட்டரின் எதிரி மாறிவிடுகிறான். இங்கே வெயிலும் கல் குவாரிப் புழுதியும். அங்கே மதியத்துக்கு மேல் கடல் காற்று வீசும். வெயில் இரண்டு மூன்று டிகிரி தணியும். ஆனால் அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. கோவளம், கேளம்பாக்கம் பக்கம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மீன் ஏற்றும் வண்டி என்றால் பனிக்கட்டி கரைந்து சொட்டும் உப்புத் தண்ணீரும் சேரும். இரண்டு ஊருக்கும் ஓடும் வண்டிக்கு இரண்டு எதிரியையும் எண்ணித்தான் ரேடியேட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது தேர்வுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி, முகம் எவ்வளவு பெரியது என்பது. காற்று நேராக வந்து மோதும் பரப்பைத்தான் முகம் என்கிறேன். 1901-ல் வெளிவந்த மெர்சிடிஸ் 35 குதிரைக் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தார். 8,070 சிறு குழாய்களை அடுக்கி அவற்றின் ஊடாகக் காற்றை விட்டார். அதற்கு முன் தேவைப்பட்ட தண்ணீரில் பாதி, வெறும் 9 லிட்டர், போதுமானதாயிற்று. தண்ணீரைக் கூட்டி அவர் குளிர வைக்கவில்லை. காற்றுப் படும் பரப்பைக் கூட்டினார். இன்றைக்கும் அதுதான் விதி. “பத்து லிட்டர் அதிகம் பிடிக்கும் ரேடியேட்டர்” என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பத்து லிட்டர் கொதிப்பதைச் சில நிமிடம் தள்ளிப்போடும், தடுக்காது.

முகத்தைப் பெரிதாக்க முடியாதபோது தடிமனைக் கூட்டுகிறோம். குழாய்களும் அவற்றுக்கிடையே ஃபின் என்ற மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதிதான் கோர். இரண்டு வரிசைக் கோர், மூன்று வரிசை, நான்கு வரிசை. இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன் வரிசையைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடாகிவிட்டது. நான்காவது வரிசைக்கு வருவது வெந்நீர்க் குளியலறைக் காற்று போல்தான். மேலும் தடிமன் கூடினால் காற்று புகுவதே கஷ்டம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதில் நல்ல லாபம். மூன்றிலிருந்து நான்குக்குப் போவதில் லாபம் கொஞ்சம், ஃபேனுக்குச் சுமை அதிகம். கிரில்லின் சட்டத்தை வெட்டி, ரேடியேட்டரை அகலமாக்க இடம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

ஃபின்களின் நெருக்கமும் அப்படித்தான். அங்குலத்துக்கு 16, 18 ஃபின் என்றால் கடையில் பார்க்க அழகாக இருக்கும், புது வண்டியில் நன்றாகக் குளிரும். குவாரிக்குப் போகும் வண்டியில், அறுவடைக் காலத்தில் மதுராந்தகம் பக்கம் வைக்கோல் ஏற்றும் வண்டியில், சில வாரத்தில் அது சுவராகிவிடும். நம் வேலைக்கு அங்குலத்துக்கு 10 முதல் 12 போதும். கொஞ்சம் குறைவாகக் குளிர்வித்தாலும் ஆண்டு முழுதும் அதே அளவு குளிர்விக்கும்.

அடுத்து, செம்பா அலுமினியமா? இந்தக் கேள்வியில் சண்டையே நடக்கும். செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு கெட்டி. ஆனால் பழைய ரேடியேட்டர் முழுக்கச் செம்பு இல்லை. ஃபின் செம்பு, குழாய் பித்தளை, இரண்டையும் ஒட்டுவது ஈயம். பித்தளையும் ஈயமும் செம்பு அளவுக்குக் கடத்துவதில்லை. அலுமினியத்தில் குழாயும் ஃபினும் ஒரே உலோகமாக உலையில் சேர்ந்து ஒட்டியிருக்கும். குழாயை அகலமாகச் செய்யலாம். அதே கன அளவுக்கு எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆகவே குளிர்விப்பதில் நல்ல அலுமினியம் தோற்காது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. செம்பு-பித்தளை ரேடியேட்டர் ஒழுகினால் செங்கல்பட்டில் எந்த ரேடியேட்டர் பட்டறையிலும் டேங்கைக் கழற்றி, குழாயில் கம்பி விட்டு அடைப்பெடுத்து, ஈயம் பற்றவைத்து, மாலைக்குள் கொடுத்துவிடுவார்கள். அலுமினியக் கோரில் பிளாஸ்டிக் டேங்க் மடித்துப் பிடித்த வகை என்றால் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடற்கரை உப்பு இரண்டையும் அரிக்கும். செம்பு ஃபின் பச்சை பூத்து உதிர்ந்து குழாயைவிட்டு விலகும். அலுமினியத்தில் ஊசி முனை அளவு குழி விழுந்து ஒரு நாள் துளையாகும். நல்ல தயாரிப்பாளர்கள் அமிலம் கலந்த கடல்நீரைத் தெளித்து நாட்கணக்கில் சோதிக்கிறார்கள். ‘ஸ்வாட்’ என்று அந்தச் சோதனைக்குப் பெயர். அலுமினியம் வாங்குவதானால் அந்தச் சோதனையில் எத்தனை நாள் தாங்கியது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் கரையோரம் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகக் கழுவுவது உலோகத் தேர்வைவிட முக்கியம். வாட்டர் சர்வீஸ் பிரஷரைக் காட்டினால் ஃபின் மடிந்து கதவு சாத்திக்கொள்ளும்.

“சரிய்யா, எதைத்தான் வாங்குவது?” என்று பொறுமை இழந்துவிட்டீர்கள். சொல்கிறேன். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் பார்க்கப் போகும்போது, அந்த எஞ்சின் கழற்றிய வண்டியின் ரேடியேட்டர், ஃபேன், ஃபேனைச் சுற்றிய கௌல் என்ற உறை, ஹோஸ்கள், எக்ஸ்பான்ஷன் டேங்க் ஐந்தையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த எஞ்சினுக்கான கணக்கை அதைச் செய்த கம்பெனி போட்டு, பாலைவனத்திலும் மலையிலும் ஓட்டிப் பார்த்துச் செய்த தொகுப்பு அது. அதைவிட நல்ல கணக்கு நம்மிடம் இல்லை. அந்த ஐந்தும் நம் சேசிஸில் உட்காருமா என்று அளந்து பாருங்கள். உட்காரும் என்றால் எஞ்சினுக்கு முன்பணம் கொடுங்கள். உட்காராது, முகம் பாதியாகத்தான் வைக்க முடியும் என்றால், அந்த எஞ்சினை விட்டுவிட்டுச் சிறிய எஞ்சினைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே வருகிறவர்கள், அகலக் கோரும் அதற்கேற்ற டேங்கும் கட்டச் சொல்லலாம். அதற்கு, முன்பு சொன்ன மூன்று எண்ணோடு போங்கள்.

இனி, எஞ்சின் மாற்றத்தில் மட்டுமே வரும் சில கண்ணிகள்.

ஒன்று, உயரம். புது எஞ்சின் பழையதைவிட உயரமாக இருந்தால் தெர்மோஸ்டாட் கூடு ரேடியேட்டரின் மேல் டேங்குக்கு மேலே போய்விடும். தண்ணீர் ஊற்றும்போது டேங்க் நிறைந்துவிட்டது போலத் தெரியும். எஞ்சின் தலையில் காற்று நிற்கும். காற்று நிற்கிற இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் ஹெட் வெடிக்கும். எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்து, எஞ்சின் தலையிலிருந்தும் ரேடியேட்டர் உச்சியிலிருந்தும் அதற்குச் சிறு குழாய் விடுங்கள். காற்று தானாக ஏறிவிடும்.

இரண்டு, மூடி. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உதகையில் 93-க்கே கொதித்துவிடும். மூடி அரை பார் அழுத்தம் பிடித்தால் கடல் மட்டத்தில் 111 வரை கொதிக்காது. ஒரு பார் பிடித்தால் 120 வரை. புது எஞ்சின் ஒரு பார் அளவை எதிர்பார்க்கலாம். பழைய ரேடியேட்டரின் ஈய ஒட்டு அதில் பாதிக்குத்தான் கட்டியது. பெரிய மூடியைப் பழைய டேங்கில் போட்டால் ஒட்டு விடும். சின்ன மூடியைப் போட்டால் புது எஞ்சின் கொதிக்கும். மூடியும் டேங்கும் ஹோஸும் ஒரே அழுத்தத்துக்குச் செய்தவையா என்று பாருங்கள்.

மூன்று, தெர்மோஸ்டாட். “சூடாகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடு” என்பது நம் நாட்டு வைத்தியம். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பாகம் பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் எஞ்சினுக்கே திரும்பும். சூடு கூடும். வைத்தியமே வியாதி.

நான்கு, ஃபேன். ஃபேனின் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் காற்று பத்து சதவீதம் கூடும். அது தின்னும் சக்தி முப்பத்து மூன்று சதவீதம் கூடும். ஆகவே ஃபேனைப் பெரிதாக்குவதற்கு முன் கௌலைச் சரியாக்குங்கள். கௌல் இல்லாத ஃபேன், முன்னால் இருந்து இழுப்பதற்குப் பதில் பக்கத்தில் இருக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி வீசும். எஞ்சின் மாற்றினால் பெரும்பாலும் ஃபேன் ரேடியேட்டரின் நடுவுக்கு நேராக வராது, கீழேயோ ஓரமாகவோ நிற்கும். அதற்கேற்பக் கௌலைத் தகரத்தில் செய்யச் சொல்வது பெரிய செலவு இல்லை. கார் மின்விசிறிகளைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: பெரிய கார் விசிறி ஒன்று எந்தத் தடையும் இல்லாதபோது நொடிக்கு ஒரு கன மீட்டர் தள்ளினால் அதிகம். கோருக்குப் பின்னால் அதில் பாதிதான் வரும். நமக்கு 2 வேண்டும். பெல்ட் எப்படிச் சுற்றுகிறது என்றும் பாருங்கள். சில எஞ்சின்களில் பெல்ட்டின் முதுகுதான் பம்பைச் சுற்றும். பம்ப் எதிர்த்திசையில் ஓடும். பெல்ட் அமைப்பை மாற்றிவிட்டு அதே பம்பைப் போட்டால் அது தலைகீழாகச் சுற்றும். நிமிடத்துக்கு 120 லிட்டரைக் கனவில்தான் பார்க்கலாம்.

ஐந்து, எர்த். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே இருந்த எர்த் பட்டையைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்ட மறந்தால், செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் கூலன்ட் வழியாக வழி தேடும். அலுமினிய ரேடியேட்டரை உள்ளிருந்து துளைக்கும். கூலன்ட்டில் வோல்ட் மீட்டரின் ஒரு கம்பியை நனைத்து, மற்றதைப் பேட்டரி எர்த்தில் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் தேடுங்கள்.

தண்ணீர் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே உறைபனி கிடையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருவுக்கும், லைனரில் குழி விழுவதைத் தடுப்பதற்கும். போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு குழாயின் உட்சுவரில் படியும். பித்தளையோடு ஒப்பிட்டால் அது வெப்பத்துக்குக் கதவடைப்பு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில், எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் கூலன்ட்டைக் கலந்து ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கிளைகால் கலவை வெறும் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் வெப்பத்தைச் சுமக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. எஞ்சின் மாற்றுவதற்குப் பதிவு அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். மாற்றிய பிறகு ஆர்.சி.யில் புதிய எஞ்சின் எண் ஏற வேண்டும். டி.என்.19 பதிவு வண்டி என்றால் இங்கேயே வேலை முடியும். ஏறாத எண்ணோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாதாட வேண்டியிருக்கும்.

எல்லாம் மாட்டியாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலும் மார்கழியில் வேலை முடித்து, காலி வண்டியை மேலமையூர் வரை ஓட்டிவிட்டு, “முள் ஏறவே இல்லைண்ணே” என்று சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறார்கள். சித்திரையில் போன் வரும்.

மார்கழியிலேயே சித்திரையைச் சோதிக்கலாம். முழுப் பாரம் ஏற்றுங்கள். தாழ்ந்த கியரில், மெதுவாக, எஞ்சினுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி அரை மணி நேரம் ஓட்டுங்கள். சோதனை முடியும் வரை தெர்மோஸ்டாட்டை முழுதாகத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்த வேண்டும். மேல் ஹோஸின் வெப்பத்தை அளவிடுங்கள். கையில் பிடிக்கும் வெப்பமானி இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. காற்றின் வெப்பத்தையும் அளந்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். அதே பாரத்தில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ மாறாது. மார்கழியோ சித்திரையோ ஒன்றுதான். மேல் ஹோஸ் 92, காற்று 26 என்றால் வித்தியாசம் 66. முள் சாதுவாக நிற்கும், வண்டி நன்றாக இருப்பது போலத் தெரியும். ஆனால் சித்திரையில் காற்று 45 ஆகும்போது தண்ணீர் 111-க்கு வரும். அரை பார் மூடியில் அது சரியாகக் கொதிக்கும் புள்ளி. வித்தியாசம் 55-க்குள் இருந்தால்தான் நம் ஊர் வெயிலில் 100-க்குள் நிற்கும். 55-ஐத் தாண்டினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கீழ் ஹோஸையும் அளந்தால் எங்கே குறை என்றும் தெரியும். மேலுக்கும் கீழுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. பம்பையும் அடைப்பையும் பாருங்கள். வித்தியாசம் மூன்று நான்குதான், இரண்டுமே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்று வரவில்லை. ஃபேனையும் கௌலையும் பாருங்கள்.

நண்பர்களே, மேல் ஹோஸுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு வேலைக்கும் உங்கள் பட்டறை நோட்டில் எழுதுங்கள். எந்த எஞ்சின், எந்த ரேடியேட்டர், முகம் எவ்வளவு, எத்தனை வரிசை, எந்தச் சாலையில் சோதனை, வித்தியாசம் எவ்வளவு. பத்துப் பட்டறை இரண்டு கோடை எழுதினால், செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் எந்த மாற்றத்துக்கு எந்த ரேடியேட்டர் என்ற அட்டவணை நம்மிடமே இருக்கும். குளிர்நாட்டு அட்டவணை நமக்கு வேண்டியிருக்காது. பழைய லாரி வாங்குகிறவர் இன்று டயரைக் கேட்கிறார், எஃப்.சி. எப்போது என்று கேட்கிறார். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் அந்த வித்தியாசம் எவ்வளவு என்றும் கேட்கட்டும். கேட்பார்கள் என்று தெரிந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பே நாமும் கணக்குப் போடுவோம்.

 கேள்வி உள்ளவர்கள் மேடைக்கு வரலாம். அளந்த எண்ணோடு வந்தால் இன்னும் நல்லது.